பேதுருவுக்கு இரண்டே வார்த்தை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், என் முழங்கால் மட்டும் மாடிப்படி ஏறும்போது முணுமுணுக்கிறது, அதை நான் காதில் போட்டுக்கொள்வதில்லை. நீயும் வேளைக்குச் சாப்பிட்டு, டியூட்டி முடிந்ததும் போனை நோண்டாமல் படுத்துத் தூங்கி, சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். ஈஸ்டர் வாழ்த்தைப் போனிலேயே சொல்லிவிட்டேன். ஆனாலும் போனில் சொல்ல முடியாத கதை ஒன்று இருக்கிறது, ஏனென்றால் கதைக்கு உரியவர் பக்கத்து அறையிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு யார், உன் அப்பாதான். நீ வெளிநாடு போய் இரண்டு வருடமாக அவர் உன்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. ஒவ்வொரு கடிதம் முடிக்கும்போதும் உங்க பேரையும் போடட்டுமா என்று கேட்பேன், வேணாம் என்பார், நான் என் பெயரை மட்டும் போட்டு ஒட்டிவிடுவேன். உனக்கு இது தெரியும், எனக்கும் எழுதி எழுதிப் பழகிவிட்டது. ஆனால் இந்தப் புனித வாரம் வேறு மாதிரி போய்விட்டது, அதைத்தான் சொல்ல வருகிறேன்.

குருத்து ஞாயிறு அன்றைக்கே புதுப் பங்குத் தந்தை ஆள் பிரித்துக் கொடுத்துவிட்டார். வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை, சின்ன வயது, எல்லோரையும் விழுந்து விழுந்து விசாரிக்கிறார். பெரிய வியாழன் அன்று ஃபாதர் பாதம் கழுவிவிடும் பன்னிரண்டு பேரில் உன் அப்பா ஒருவர், பெரிய வெள்ளிக்கிழமை பாடுகளின் வாசிப்பில் வழக்கம்போல், இயேசுவைத் தெரியாது என்று மறுதலிக்கிற பேதுரு. பேதுருவுக்கு அங்கே எவ்வளவு பேச்சு என்று உனக்குத் தெரியாதா, ஒரு இல்லை, கொஞ்ச நேரம் கழித்து இன்னொரு இல்லை, அவ்வளவுதான், மூன்றாவதைக்கூட உரையாளர் பார்த்துக்கொள்வார். அந்த இரண்டு இல்லைக்கு மனிதர் பத்து நாளாக உப்புத் தண்ணீர் கொப்பளித்தார். குழாய் ரிப்பேருக்குப் போன வீடுகளில் எல்லாம் தொட்டிக்கு அடியில் படுத்துக்கொண்டு இல்லை, இல்லை என்று சொல்லிப் பார்த்திருக்கிறார், ஒரு வீட்டு அம்மா பயந்துபோய் என்ன ஆச்சு, சரி பண்ண முடியாதா என்று கேட்டார்களாம். வியாழக்கிழமை காலையில் படிக்கல்லில் இரண்டு பாதத்தையும் தோல் உரியத் தேய்த்தார். வலது காலை மட்டும்தானே கழுவுவாங்க என்றேன், ஃபாதர் புதுசு, எந்தக் காலைக் கேப்பாரோ என்றார்.

அன்று பூசை முடிந்து நற்கருணையைப் பக்கப் பீடத்துக்குக் கொண்டுபோய் வைத்தபின், அப்பாவின் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு, ஃபாதர் உடுப்பு மாற்றும் சக்ரீஸ்து அறை வாசலில் நின்றேன். ஃபாதர் துண்டை மடித்துக்கொண்டே, உங்களுக்குப் பிள்ளைங்க எத்தனை பேரு என்று சாதாரணமாகத்தான் கேட்டார். உன் அப்பா கண்ணைக்கூட இமைக்காமல், ஒரே பையன்தான் ஃபாதர், இங்கதான் வேலை பார்க்கிறான் என்றார். மகளே, கழுவின கால் இன்னும் காயவில்லை. இல்லை ஃபாதர், ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்று நான் சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. செருப்பைக் கீழே போட்டேன், போட்டுக்கொண்டார், வீட்டுக்கு வந்தோம். உன்னிடம் இதை மறைத்திருக்கலாம்தான், ஆனால் மறைத்து மறைத்துத்தான் இந்த நிலைக்கு வந்தோம்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குக் கோயிலில் நிற்க இடமில்லை. மணி கிடையாது, மரக்கட்டையைத் தட்டினார்கள், பீடத்தில் விரிப்புகூட இல்லை, எல்லாம் வெறிச்சென்று இருந்தது. இயேசுவின் பகுதியை ஃபாதர் வாசித்தார், உரையாளர் நம் தையல்காரர், கேள்வி கேட்பவர்கள் எல்லோருக்குமாகப் பெரிய டீச்சர். முதல் தடவை டீச்சர் கேட்டதும் அப்பா இல்லை என்றார், கடைசி பெஞ்சு வரை கணீரென்று கேட்டது. இரண்டாவது தடவை, நீயும் அவருடைய ஆள்தானே என்கிற மாதிரி டீச்சர் கேட்டார். தையல்காரர், பேதுரு மறுத்துச் சொன்னார் என்று வாசித்துவிட்டு நிறுத்தினார். மைக்கில் அப்பாவின் மூச்சு மட்டும் கேட்டது. அப்புறம் மெதுவாக, ஆமாம் என்றார்.

நான் சொல்வதை நம்பு, ஆமாம் என்றேதான் சொன்னார். டீச்சர் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். பாடகர் குழுவில் ஒரு பெண் முக்காட்டை வாயில் அடைத்துக்கொண்டாள். தையல்காரர் எழுத்தைத்தான் பார்ப்பார், ஆளைப் பார்க்க மாட்டார் இல்லையா, அவர் பாட்டுக்கு அடுத்த கேள்வி முடிந்ததும் பேதுரு மறுபடியும் மறுதலித்தார், சேவல் கூவியது என்று முழங்கிவிட்டுப் போய்க்கொண்டே இருந்தார். உன் அப்பா மைக்குக்கு முன்னால் தலை குனிந்து நின்றார். சிலுவையை முத்தி செய்யும்போது எல்லோரும் தொட்டு முத்தமிட்டு நகர்ந்தார்கள், இவர் முழங்காலிட்டவர் எழுந்திருக்கவே இல்லை, பின்னால் வரிசை வாசல்வரைக்கும் தேங்கிவிட்டது. உன் அண்ணன்தான் போய்த் தோளைத் தொட்டுக் கூட்டி வந்தான். வெளியே வந்ததும் ஆளாளுக்கு வயசாச்சு, கண்ணாடியை மாத்துங்க என்று சொன்னார்கள். அவர் மறுத்துப் பேசவில்லை.

சனிக்கிழமை காலையில் நம் வீட்டுச் சமையலறைக் குழாயைக் கழற்றிப்போட்டு உட்கார்ந்திருந்தார், அது கெட்டுப்போகவே இல்லை. நான் பக்கத்தில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து சொல்லிவிட்டேன். அவள் வெளிநாடு போவது உனக்கு முன்னாலேயே தெரியுமா என்று அன்றைக்குக் கேட்டீர்கள், தெரியாது என்றேன், பொய், நாலு மாதமாகத் தெரியும், அவள் வெளிநாட்டு வேலை ஃபாரத்தை மாவு டப்பாவுக்குப் பின்னால் ஒளித்து வைத்ததே நான்தான் என்றேன். ஸ்பானரைத் தூக்கி எறிவார் என்று நினைத்தேன், அவருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம் வருமே. அவர் வாஷரை விரலில் உருட்டிக்கொண்டே, தெரியும் என்றார். அப்ப இந்தக் குழாயை மாத்தினப்பவே பாத்துட்டேன், மாவு ஒட்டிக்கிட்டு இருந்துச்சு, தட்டிட்டு அங்கயே வச்சேன் என்றார். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அப்ப ஏன் கேக்கல என்றேன். நான் ஏன் கேக்கணும், அவ வாயால சொல்லுவான்னு நாலு மாசம் பாத்தேன், கடைசியில மருந்துக்கடைக்காரர் வந்து வாழ்த்துச் சொல்றாரு, போறதுக்கா நான் குறுக்க நிக்கப் போறேன் என்றார். நீ போனது அவருக்கு வலிக்கவில்லை மகளே, சொல்லாமல் இருந்ததுதான் வலித்தது. அந்தக் குற்றத்தில் பாதி என்னுடையது, உன்மேல் முழுவதையும் ஏற்றி வைத்துவிட்டு நான் நல்லவளாக இருந்துவிட்டேன், என்னை மன்னித்துவிடு.

அன்று இரவு பாஸ்கா திருவிழிப்புப் பூசையில் விளக்கையெல்லாம் அணைத்துப் பெரிய மெழுகுதிரியிலிருந்து ஒருவருக்கொருவர் நெருப்புக் கொடுத்தோம், மணிகள் எல்லாம் ஒரே நேரத்தில் அடித்தன. முடிந்ததும் அப்பா விறுவிறுவென்று ஃபாதரிடம் போனார், நான் பின்னாலேயே ஓடினேன். ஃபாதர், வியாழக்கிழமை தப்பாச் சொல்லிட்டேன், எனக்கு ரெண்டு பிள்ளைங்க, சின்னவ நர்ஸ் என்றார். அதோடு நின்றாரா? நீ குழந்தைகள் வார்டுக்கு மாறியது, உன் ரூமில் ஹீட்டர் கெட்டது, பல்லுக்கு வேர் சிகிச்சை செய்தது, சைக்கிள் வாங்கியது என்று கால் மணி நேரம் ஒப்பித்தார். நான் உன்னோடு போனில் பேசும்போதெல்லாம் பக்கத்து அறையில் பேப்பர் படிப்பாரே, இப்போதுதான் புரிகிறது, ஒரு பக்கம்கூடப் புரட்டிய சத்தம் நான் கேட்டதில்லை.

அண்ணன் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னான். குளிருக்குக் காதை மூடிக்கொள், பல் டாக்டர் சொன்ன மாத்திரையைப் பாதியில் நிறுத்தாதே. ஞாயிற்றுக்கிழமை பூசைக்கப்புறம் என் நம்பரிலிருந்து போன் வந்தால் உடனே அம்மா என்று ஆரம்பித்துவிடாதே. முதலில் இருமல் சத்தம் கேட்கும், அப்புறம் ஹீட்டரைப் பற்றிக் கேள்வி வரும், பொறுமையாகப் பதில் சொல். உயிர்த்த ஆண்டவர் உன்னையும் உன் கையால் மருந்து வாங்கும் பிள்ளைகளையும் காப்பாற்றட்டும். இன்றைக்கு நான் அவரிடம் பேர் போடட்டுமா என்று கேட்கப்போவதில்லை. என் பெயரைப் போட்டுவிட்டு, கீழே கொஞ்சம் இடம் விட்டு, கடிதத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டு டீ போடப் போகிறேன்.

முத்தங்களுடன்,
அம்மா

அப்பா