பாக்கியம் வீட்டுப் பிடியரிசிப் பானை

அக்டோபர் 27, திங்கள்

விடியலிலிருந்து மழை. பதுளைத் தெரு முழுக்கச் சேறு. முழங்கால் வலி. தைலம் தீர்ந்தது, வாங்க வேண்டும்.

மிஸ்ஸியம்மா கூப்பிட்டனுப்பினார். அறுப்பின் பண்டிகையன்று நம் மாதர் மிஷன் சங்கத்தின் வரலாற்றை வாசிக்க வேண்டுமாம். எழுதுகிறவள் நான். "நீர் ஆதிமுதல் இருக்கிறீர் அல்லவா?" என்றார். அவர் தமிழ் கற்றது வேதாகமத்தில். கத்தரிக்காய் வாங்கினாலும் அதே தமிழ்தான்.

ஞாபகக் குறிப்பு:

முதல் கூட்டம் ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர் வீட்டுப் பின்கட்டில். ஐந்து பெண்கள், எல்லோரும் தஞ்சாவூர்ப் பக்கத்து லுத்தரன் சபையில் பிறந்து இங்கே வந்து விழுந்தவர்கள்.

முதல் ஊழியம், ஞானஸ்நானம் எடுக்கிறவர்களுக்கு ரவிக்கை தைத்தது. ஒன்றாவது ஒருத்திக்குப் பொருந்தவில்லை. (இதை எழுத வேண்டாம்.)

பிறகு பிடியரிசி. உலை வைக்கும்போதெல்லாம் ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில். அதை விற்றுத் தோட்டங்களுக்குப் போய் வேதம் சொல்ல ஒரு பெண்ணை வைத்தார்கள். அந்தப் பெண் நான். அதாவது என் வயிற்றில் கிடப்பது அவர்கள் அரிசி. இதை எப்படி வரலாறாக எழுதுவது?

அக்டோபர் 29, புதன்

நேற்று நமுனுகுல மலைத் தோட்டம். செவ்வாய்தோறும் அங்கேதான். ஏறும்போது கால் முழுக்க அட்டை. பறித்த தேயிலைக் கொழுந்தை எடை போட்டுக் கொடுத்துவிட்டுப் பெண்கள் லயத்து வரிசை வீடுகளுக்குத் திரும்பிய பிறகு கூட்டம். ராத்திரி மருந்துக்கார ஐயா வீட்டுத் தாழ்வாரத்தில் படுக்கை. அவர் குறட்டைக்குத் தனி ஜெபம் தேவை.

சங்கக் கிளையில் சின்னத்தாய், இன்னும் மூன்று பேர், பாக்கியம். கூட்டம் பாக்கியத்தின் அறையில். பிடியரிசிப் பானையும் அங்கேதான், அடுப்புக்குப் பின்னால் விறகுக்கு அடியில். மற்றவர்கள் வீட்டில் வைக்க வழியில்லை. "எம் வீட்டுல வச்சா அந்த மனுசன் அரிசியக் குடுத்துக் கள்ளு குடிச்சுப்புடுவாரும்மா" என்கிறாள் சின்னத்தாய். பாக்கியத்துக்கு அந்தத் தொல்லை இல்லை. அவள் புருஷன் முருகையா ஆவணியில் துண்டு இல்லாமலே மடுல்சீமைத் தோட்டத்துக்கு ஓடிப்போனான். துண்டு என்பது இங்கே ஆளைப் போகவிடுகிற சீட்டு. அது கங்காணி கையில். பாக்கியம் மாசமாக இருக்கிறாள், ஏழு நடக்கிறது. அவனோடு ஓட முடியவில்லை.

காணிக்கையை ஒளிவில் கொடுக்க வேண்டும், பக்கத்து அறைக்காரிக்குக்கூடத் தெரியக்கூடாது என்று நான்தான் போதித்தேன். ஐந்து பேரும் அப்படியே செய்கிறார்கள். பானை கழுத்துவரை வந்துவிட்டது! வாய் ஓரத்தில் உடைசல், வயிற்றில் நான் சுண்ணாம்பால் போட்ட சிலுவை. தோட்டத்திலிருந்து பண்டிகைக்கு வரப்போகும் முதல் பானை. எனக்குப் பெருமைதான், இல்லை என்றால் பொய்.

ஒன்று மட்டும் உறுத்தல். பாட்டு முடிகிற வரைக்கும் காவல்காரன் ஒருவன் தடியோடு வாசல் சாக்கடை ஓரத்தில் நின்றான். போன வாரமும் நின்றானாம். என் குரலுக்காக நிற்கிறான் என்று நினைத்துக்கொண்டேன். என் புத்தியே புத்தி.

நவம்பர் 1, சனி

சேகு நானா கடை. நூல், தைலம், வரலாறு எழுதக் காகிதம்.

வாய் சும்மா இருக்கவில்லை. லயத்துப் பெண்கள்கூட அரிசி சேர்க்கிறார்கள் என்று பீற்றிக்கொண்டேன். நூலை அளந்துகொண்டிருந்தவர் நிறுத்திவிட்டார்.

"எங்க சேக்குறாங்க? வெளியவா, ஒளிச்சா?"

"ஒளித்துத்தான் நானா. அதுதானே காணிக்கை."

"அல்லாவே! தோட்டத்துல எவனாச்சும் அரிசி ஒளிச்சு வச்சா அதுக்கு ஒரே அர்த்தந்தான் டீச்சரம்மா. ஓடப்போறான். வாரத்துக்கு வாரம் அளந்து குடுக்கிற அரிசி. வழியில எந்தக் கடைக்காரனும் ஓடுற ஆளுக்கு ஒரு படி குடுக்க மாட்டான், நான் உட்பட. அதனால மொதல்ல அரிசி சேக்கணும், அப்புறந்தான் காடு. கங்காணிமாருக்கு இது பால்குடிப் பாடம்."

புருஷன் ஓடிப்போனவள். அவள் அறையில் ஒரு பானை அரிசி. ஒளித்து வை என்று சொன்னவள் நான். கடையிலிருந்து வீடு வரை எப்படி நடந்தேன் தெரியவில்லை. தைலத்தை அங்கேயே விட்டுவிட்டேன்.

நவம்பர் 3, திங்கள்

மிஸ்ஸியம்மாவிடம் சொன்னேன். துரைக்கு ஒரு வார்த்தை எழுதுங்கள் என்று கெஞ்சினேன். யோசித்தார். அந்தத் தோட்டத்துக் கதவு திறக்கவே எத்தனை காலம் ஆனது, இப்போது கங்காணியைப் பற்றிப் புகார் என்றால் மூடிவிடுவார்கள் என்றார். "பண்டிகை சமீபமாயிருக்கிறது. பயப்படாதேயும்." பயப்படாதே என்று பங்களாவில் உட்கார்ந்து சொல்வது சுலபம்.

நாளை போனதும் முதல் காரியம், பானையை எடுத்து வந்துவிடுவது.

நவம்பர் 5, புதன்

எடுக்கவில்லை.

நேற்று நான் போய்ச் சேரும்போதே பெரிய கங்காணியின் சம்சாரம் பாக்கியத்தின் அறையில், பாய் நடுவில். காதில் கல் தோடு, மடியில் வெற்றிலைப் பெட்டி. கங்காணியம்மா லயத்துக்குள் கால் வைத்து யாரும் கண்டதில்லையாம். பெண்கள் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டிருந்தார்கள்.

"எங்களையும் ஒங்க சங்கத்துல சேத்துக்குங்க வேதக்காரம்மா. வீட்டுல ஒத்தையில ஒக்காந்து ஒக்காந்து புத்தி கெட்டுப்போகுது. புள்ளையா குட்டியா?"

சங்கம் என்ன செய்யும் என்று கேட்டாள். தையல் சொன்னேன். ஞானோபதேசம் சொன்னேன். வேதத்தின் பத்துக் கற்பனைகளை, அதாவது கட்டளைகளை, ஒன்றிலிருந்து தொடங்கி மெதுவாக இழுத்தேன். அரிசி என்ற சொல்லையே எடுக்கவில்லை. கெட்டிக்காரி என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

கடைசியில் முடிவுப் பாட்டு. பிடியரிசிப் பாட்டுத்தான் எங்கள் முடிவுப் பாட்டு என்பது தொண்டையைத் திறந்த பிறகுதான் உறைத்தது. "ஒரு பிடி உமக்கு" என்ற அடி வந்ததும் கையை மூடி, நீட்டி, திறப்பது வழக்கம். சிறுபிள்ளைகளுக்குச் சொல்லித்தருகிற மாதிரி நான் பழக்கியது. நான்கு பெண்களும் பழக்கத்தில் கையை நீட்டித் திறந்தார்கள். நீட்டியது அடுப்புப் பக்கம்! பாக்கியம் மட்டும் கையை நீட்டவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கங்காணியம்மா கைகளைப் பார்த்தாள். அப்புறம் விறகைப் பார்த்தாள். வெற்றிலையை மடித்து வாயில் போட்டாள். "நல்ல பாட்டு" என்றாள்.

விளக்கு வைக்கும் வரை அவள் எழுந்திருக்கவில்லை. வாசலில் தடிக்காரன். பாக்கியம் என் காதில், "அம்மா, பானைய இப்பவே கொண்டுபோயிருங்கம்மா." அவர்கள் கண்முன்னால் எப்படித் தூக்குவது? அடுத்த செவ்வாய் என்று சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த செவ்வாய்! என் நாக்கை அறுக்க.

நவம்பர் 12, புதன்

எழுதக் கை வரவில்லை. இருந்தாலும்.

பாக்கியத்தின் அறைக்குப் பூட்டு. சின்னத்தாய் தேயிலைச் செடி மறைவில் நின்று சொன்னாள். போன வியாழன் விடியலில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டுக் களத்தில் எல்லோரும் கூடி நிற்கிறார்கள். கங்காணி ஆள் பானையைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைக்கிறான்.

"பாத்துக்கிட்டீங்களா? புருசங்கிட்ட ஓடுறதுக்கு மூட்ட கட்டுறா" என்றானாம் பெரிய கங்காணி.

"இது சாமி அரிசிங்க" என்றாளாம் பாக்கியம்.

"சாமிக்கு அடுப்படியில ஒளிச்சு வச்சா படைப்பாங்க?" களமே சிரித்ததாம்.

"நீங்கள் நான்கு பேரும் என்ன செய்தீர்கள்?" என்றேன்.

"கால் பெருவெரலப் பாத்துக்கிட்டு நின்னோம். ஒங்க சங்கத்துக்காரங்க செஞ்சது அதுதாம்மா."

கோபப்பட எனக்கு என்ன யோக்கியதை?

இப்போது பாக்கியம் கங்காணி வீட்டுச் சமையல்கட்டுக்குப் பின்னால் ஒரு அறையில். பிள்ளை பெறும் வரை பத்திரமாக இருக்கட்டும் என்கிறார்களாம். மடுல்சீமைக்கு ஆள் போயிருக்கிறது: பெண்டாட்டியும் பிள்ளையும் வேண்டுமானால் நீயே வந்து வாங்கிக்கொள் என்று. முருகையா வந்தால் அவன் முதுகுத் தோல் உரியும். வராவிட்டால் இவள் அங்கேயே கிடந்து பாத்திரம் தேய்ப்பாள், பிறக்கப்போவதும் தேய்க்கும்.

துரை பங்களாவுக்குப் போனேன். பின்வாசலில் சமையல்கார அப்பு, "தொரை மேல் மலைக்குப் போயிட்டாங்க. இதெல்லாம் பெரிய கங்காணி காரியம்மா" என்று கதவைச் சாத்தினான்.

நவம்பர் 16, ஞாயிறு. அறுப்பின் பண்டிகை

மழை விட்டு வெயில். கோயில் நிறைய வாழைக்குலை, பூசணி, கரும்பு. பெண்கள் பானைகளைத் தலையில் வைத்து வரிசையாக வந்தார்கள். எட்டாவதோ ஒன்பதாவதோ வந்த பானையில் மஞ்சள் பூசி, கழுத்தில் பூச்சரம். வாய் ஓரத்தில் உடைசல். மஞ்சளுக்கு அடியில் என் சிலுவை.

தூக்கி வந்தவள் கங்காணியம்மா. பட்டுச் சேலை.

நான் வரலாறு வாசித்தேன். கம்பவுண்டர் வீடு, ஐந்து பெண்கள், ரவிக்கை. கடைசிப் பத்தியை மிஸ்ஸியம்மா தன் கையால் சேர்த்திருந்தார்: தோட்டத்துப் பெரிய குடும்பங்களும் இப்போது சங்கத்தின் தூண்களாகின்றன. அதையும் வாசித்தேன். குரல் நடுங்கியதை முழங்கால் வலி என்று நினைத்திருப்பார்கள்.

அன்பின் விருந்து. எல்லாப் பானை அரிசியும் சேர்த்துப் பொங்கியது. கங்காணியம்மா என் பக்கத்து இலையில் வந்து உட்கார்ந்தாள். முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

"பானை வந்து சேரணும்ல வேதக்காரம்மா. பாக்கியம் அழுதா" என்றாள்.

எத்தனை நெஞ்சழுத்தம்! இலையை மூடிவிட்டேன்.

நவம்பர் 19, புதன்

மூடுபனி. பத்தடிக்கு அப்பால் ஒன்றும் தெரியவில்லை.

நேற்று கூட்டம் கங்காணி வீட்டில். இனி அங்கேதான் என்று கங்காணியம்மா சொல்லியனுப்பிவிட்டாள். பாக்கியம் காப்பி கொண்டுவந்து வைத்தாள். மணிக்கட்டில் காயம். என்ன என்று கேட்டதற்கு, அடுப்பு சுட்டது என்றாள். அடுப்பு இரண்டு மணிக்கட்டையும் சுற்றி வளைத்துச் சுடுமா?

போகிற வழியில் செடி மறைவில் நான்கு பேரும் நின்றிருந்தார்கள். சின்னத்தாய் மடியிலிருந்து ஒரு சின்ன முடிச்சை எடுத்தாள்.

"மறுபடி பிடியரிசி போடுறோம்மா. அன்னைக்கு ஓடப்போறான்னு பொய்ப்பழி சொன்னாங்கல்ல. இப்ப மெய்யாவே ஓடுறதுக்கு."

திட்டம் அவளுடையது. விடியலில் பாக்கியம் சமையல்கட்டு வழியாக இறங்கி, கூடையைத் தலையில் மாட்டிக்கொண்டு, கொழுந்துக்குப் போகிற பெண்களோடு பனியில் கலந்து மேல் மலைக்கு ஏற வேண்டும். எல்லையில் சின்னத்தாயின் தம்பி நிற்பான். அப்புறம் காடு, மடுல்சீமை. வழிக்கு அரிசி வேண்டும். அந்த வீட்டுக்குள் சோதனை இல்லாமல் போகிற பை என்னுடையது ஒன்றுதான்.

சங்கத்துக்கு இது ஊழியமா என்று யோசித்துப் பார்த்தேன். ரொம்ப நேரம் யோசிக்கவில்லை. வீட்டுக்கு வந்து என் பங்குக்கு இரண்டு பிடி.

நவம்பர் 26, புதன்

நேற்று பையின் அடியில் அரிசி, மேலே ஞானோபதேசப் புத்தகங்கள். வாசல்படியில் கங்காணியம்மா, "குடுங்க, வயசான காலத்துல எதுக்குச் சுமக்குறீங்க" என்று பையைப் பிடுங்கிக்கொண்டாள். கையில் நிறுத்துப் பார்த்தாள்.

"கனமா இருக்கே."

"வேதம் கனம்தான் அம்மா."

சிரிக்கவில்லை. கூடத்தில் கங்காணி உட்கார்ந்து சுருட்டுப் பிடித்துக்கொண்டிருந்தான். அவனைத் தாண்டிப் பையைத் தானே உள்ளே கொண்டுபோய்ச் சமையல்கட்டில் வைத்தாள்.

பாடம் எங்கள் லுத்தரன் கணக்கில் எட்டாம் கற்பனை. பொய்ச்சாட்சி சொல்லாதே. கங்காணியம்மா ஒரு எழுத்துப் பிசகாமல் மூன்று முறை ஒப்பித்தாள். நான்தான் இரண்டு இடத்தில் தடுமாறினேன்.

பை திரும்பி வந்தபோது லேசாக இருந்தது. கொடுக்கும்போது மெல்ல, "அடுத்த தடவ வேதத்துல கல்லுப் பொறுக்கிட்டுக் கொண்டாங்க. புள்ளத்தாச்சிக்கு ஆகாது" என்றாள்.

தெரிந்துவிட்டது. இவள் எந்தப் பக்கம்? கங்காணியிடம் சொல்லுவாளா, சொல்லிவிட்டாளா? பெண்களை எச்சரிக்க வழியில்லை. நாளை விடியலில் பாக்கியம் இறங்க வேண்டும்.

நவம்பர் 27, வியாழன்

அடைமழை. இருட்டோடு எழுந்து ஜெபம். விடியும் வரை முழங்காலில் கிடந்தேன்.

மத்தியானம் சேகு நானா குடையோடு வந்தார். என் வாசல்படி அவர் ஏறியதே இல்லை.

"தோட்டத்து ஆளுங்க ஏழெட்டுப் பேர் தடியோட கீழ் ரோட்டுல ஓடுறாங்க. ஒரு புள்ளத்தாச்சிப் பொண்ணு தப்பிட்டாளாம்."

"எந்தப் பக்கம் ஓடுகிறார்கள்? மடுல்சீமைக்கா?"

"இல்லயே. அதுக்கு நேரெதிரா, எல்ல ஊருப் பக்கம். எல்ல ரோட்டுல போனதக் கண்ணால கண்டேன்னு கங்காணி சம்சாரமே சொன்னாங்களாம். தலையில அடிச்சுச் சத்தியம் பண்ணினாங்களாம்."

அப்படியானால் பானையைக் காட்டிக்கொடுத்தது இவளாக இருக்காது. தடிக்காரன் வாரா வாரம் அந்தப் பாட்டைக் கேட்டானே. பண்டிகையன்று அவள் பக்கத்தில் இலையை மூடிவிட்டு எழுந்தேனே, பாவி நான்.

எட்டாம் கற்பனை, ஒரு எழுத்துப் பிசகாமல்.

மழை இன்னும் விடவில்லை. எல்ல ரோட்டில் யாரும் இல்லை என்று தெரிந்து ஆட்கள் இருட்டுவதற்குள் திரும்பிவிடுவார்கள். கங்காணி கேட்பான். அந்த வீட்டில் அவள் ஒருத்திதான்.

செவ்வாய்க்கு இன்னும் ஐந்து நாள். காத்திருக்க மாட்டேன். நாளைக்கே அவளிடம் போகிறேன்.