மூன்று பங்காகப் போன பேச்சு

அன்பு மகளுக்கு, அம்மா எழுதுகிறேன். இங்கே நானும் அப்பாவும் நலம், நீயும் அங்கே அப்படியே இருக்க வேண்டும். தொண்டைத் தையல் ஆறிவிட்டது, விழுங்க முடிகிறது. குரல் திரும்பாது என்று டாக்டர் முன்பே சொன்னதுதான், அதில் புதிதாக வருந்த ஒன்றும் இல்லை. வீடு அமைதியாகிவிட்டது என்று முதலில் அப்பா கேலி செய்தார், இப்போது டிவியைச் சத்தமாக வைத்துக்கொள்கிறார். குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போ.

விஷயத்துக்கு வருகிறேன். ஆபரேஷனுக்கு முந்தின நாள் உனக்கும் அண்ணனுக்கும் என்று நான் ஒரே மூச்சில் பேச, அப்பா போனில் பிடித்தாரே, அந்த வீடியோ பெரிய ஃபைல். பென் டிரைவில் இடம் காலியாகக் கிடந்தும் ஏறவில்லை. அது பழைய மாதிரி பென் டிரைவ், நான்கு ஜிபிக்கு மேல் ஒரே ஃபைலாக வாங்காதாம். கம்ப்யூட்டர் கடைக்காரர் அதை ஜிப் செய்து மூன்று துண்டாக்கிக் கொடுத்தார். உன் அப்பாவைத்தான் தெரியுமே, ஆபீசில் எதற்கும் மூன்று நகல் எடுத்தே பழகியவர். இவையும் நகல்தான் என்று நினைத்து உனக்கு ஒன்று, அண்ணனுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்று தனித்தனி பென் டிரைவில் பங்கு போட்டுவிட்டு, போனில் இருந்ததை அழித்துவிட்டார். கடையிலும் எதையும் வைத்துக்கொள்வதில்லை. சொத்தைக்கூட யாரும் இவ்வளவு சரிசமமாகப் பிரித்திருக்க மாட்டார்கள்.

போன தடவை நீ போனில், இது திறக்கவே மாட்டேங்குது, அழிச்சுட்டு வேற வேலைக்கு வச்சுக்கறேன் என்றாய். அப்பாவும், சரிம்மா, அழிச்சுக்கோ, எங்ககிட்ட இருக்கு என்றார். நான் பக்கத்தில்தான் நின்றேன். துண்டு, நகல் எதுவும் அப்போது எனக்கும் தெரியாது, ஆனாலும் வேண்டாம் என்றேன். வாய் அசைந்தது, அவ்வளவுதான். அவர் ஜன்னலைப் பார்த்துப் பேசிக்கொண்டிருந்தார். பிறகு எங்களுடையதைப் போட்டால் அதுவும் திறக்கவில்லை. மூன்றும் ஒன்றாகச் சேர்ந்தால்தான் திறக்கும் என்று கடைக்காரர் சொன்ன அன்று அப்பா சாப்பிடவில்லை. அண்ணன் தன்னுடையதை அனுப்பிவிட்டான். நீ வேலை பார்க்கும் மலை முகாமில் மாதம் ஒருமுறைதான் போன் கிடைக்கும் என்பதால், அங்கே வரும் சாமான் வண்டியோடு இந்தக் கடிதத்தை அனுப்புகிறேன். அழிக்கவில்லை என்றால் அதில் கை வைக்காதே, தபாலிலும் போடாதே, ஊருக்கு வரும்போது நீயே கொண்டு வா. என் குரலை ஒருமுறை கேட்க எனக்கும் ஆசையாக இருக்கிறது.

உடம்பைப் பார்த்துக்கொள், நோய்நொடி இல்லாமல் நன்றாக இரு. அழித்துவிட்டாய் என்றால் உன்மேல் குற்றமில்லை. அதை மட்டும் போனில் அப்பாவிடம் சொல்லிவிடாதே, எனக்கு எழுது. அவருக்கு நான் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உன் அம்மா