சாக்கு எடை

என் மாப்ளே சாகுலு,

நீ இருக்கிற எடத்துல எடை பாக்குற மிஷின் எதுவும் இருக்காதுன்னு நெனைக்கிறேன். இருந்தா அதையும் கழட்டி எண்ணெய் போட்டுக்கிட்டுத்தான் உக்காந்திருப்ப. இங்க உன் கடை மிஷின் நல்லாத்தான் இருக்கு. உன் தம்பி காசிம் கடையப் பாத்துக்கிறான். சிவகாசி பிரஸ்ஸுகள்ல வெட்டிக் கழிச்ச பேப்பரு இப்பவும் சாக்கு சாக்கா உங்க கடைக்குத்தான் வருது. உங்கம்மாவுக்கு முட்டி வலி தேவலையாம்.

ஒரு சேதி சொல்லணும். வர்ற ஞாயித்துக்கிழமை விருதுநகர்ல மாவட்ட டீமுக்கு ஆள் எடுக்குறாங்க. நான் அம்பத்தேழு கிலோவுல பேர் குடுத்துட்டேன். ஆமாலே, அம்பத்தேழுதான். நீ இருந்திருந்தா இந்நேரம் என்னக் கடையில நிக்க வச்சுத் திட்டியிருப்ப.

உனக்குத் தெரிஞ்ச கதைதான், மத்தவங்களும் இதப் படிப்பாங்கங்கிறதால சொல்றேன். குத்துச்சண்டையில எடையப் பாத்துத்தான் ஆளுக்கு ஆள் சோடி சேப்பாங்க. அம்பத்தொண்ணு, அம்பத்திநாலு, அம்பத்தேழுன்னு போகும். கோட்டுக்கு மேல துளி இருந்தாலும் மேடை ஏற விடமாட்டாங்க. சண்டை இருக்கிற ஒவ்வொரு நாளும் காலையில மிஷின்ல ஏறி நிக்கணும்.

நாம ரெண்டு பேரும் ஒண்ணாத்தான் கிளவுஸ் மாட்டுனோம். உன்னப் பெத்த அத்தாவுக்கு வாதம் வந்து கையி காலு விழுந்ததும் நீ கடைக்குப் போயிட்ட. கிளவுஸ விட்டியே தவிர என்ன விடல. துண்டும் தண்ணி பாட்டிலுமா என் கார்னர்ல வந்து நின்ன. "ஏலே முத்து, அம்பத்தொண்ணுல நீ பனைமரம்லே. உன் மூஞ்சியத் தொடணும்னா அவனுக ஏணியில்ல கொண்டாரணும்"னு சொல்லி அந்த எடையிலயே என்ன நிப்பாட்டுன. அது பொய்யும் இல்ல. நெட்டைக் கைய நீட்டி, கிட்ட வரவிடாம இடது கையாலயே குத்திக்கிட்டு இருப்பேன். கொஞ்ச காலம் நல்லா ஜெயிச்சோம்ல?

ஆனா ஒடம்பு நம்ம பேச்சக் கேட்டுச்சா? நான் பிரஸ்ஸுல பேப்பர் ரீம் தூக்கித் தூக்கித் தோளெல்லாம் அகண்டு போச்சு. ஒழுங்கா மூணு வேளை தின்னா அம்பத்தேழுல வந்து நிக்கும். போட்டி வந்தா அத அம்பத்தொண்ணுக்கு எறக்கணும். பிளாஸ்டிக் சட்டைய மாட்டிக்கிட்டு விஸ்வநத்தம் ரோட்டுல வெயில்ல ஓடுவேன், நீ பின்னால டிவிஎஸ்ல வருவ. தண்ணிய வாயில ஊத்திக் கொப்புளிச்சுத் துப்பிருவேன். எங்கம்மா உன்னப் பாத்து, "நோம்பு உனக்கா அவனுக்காப்பா?"ன்னு கேட்டுச்சே, ஞாபகம் இருக்கா? நீ சிரிச்ச. எனக்குச் சிரிக்கக்கூடத் தெம்பில்ல.

அப்புறம் அந்த மதுரைப் போட்டி. அது தீவாளி சீசன்ல வந்து தொலைச்சுச்சு. சீசன்னா உங்க கடையில மூச்சு விட நேரம் கெடையாது. ஒவ்வொரு மூட்டைக்கும் சாக்கு எடையக் கழிச்சுக்கிட்டு இருக்க முடியாதுன்னு, வெறுஞ்சாக்க மிஷின்ல வச்சுத் திருகத் திருகி முள்ள சைபர்ல நிப்பாட்டிருவ. அப்புறம் எதத் தூக்கி வச்சாலும் சாக்கு எடை தானாக் கழிஞ்சிரும். மூட்டைக்கு அது சரி. நான் வெறும் ஜட்டியோட ஏறி நின்னேன், எனக்கும் சேத்துல்ல சாக்கக் கழிச்சுருச்சு! "அம்பத்தொண்ணுக்குள்ள வந்துட்ட மச்சான்"ன்னு நீ என்னத் தூக்கிக்கிட்டுச் சுத்துன.

மதுரையில ஏறி நின்னா கோட்டுக்கு மேல ஒரு கிலோவுக்குக் கொஞ்சம் கம்மியா எகிறி நிக்குது. நமக்குக் குத்துச்சண்டை சொல்லிக்குடுத்த மாஸ்டர் மூஞ்சி கறுத்துப் போச்சு. "என்னடா இது?"ன்னாரு. நீ, "சாக்கு சார்"ன்ன. அவரு, "சாக்கு சொல்லாதடா"ன்னு கத்துனாரு. "இல்ல சார், நெசமாவே சாக்குதான் சார்"ன்னு நீ அழுத. சுத்தி நின்னவன்லாம் சிரிச்சான். அந்தக் கூத்த இப்ப நெனச்சாலும் சிரிப்பு வருது.

ஒரு மணி நேரம் குடுத்தாங்க. தகர ஷெட்டுக்குள்ள கம்பளியப் போத்திக்கிட்டுக் கயிறு தாண்டுனேன். வேர்வை நின்னு போச்சு, அப்பவும் தாண்டுனேன். எப்படியோ கோட்டுக்குள்ள எறங்கிட்டேன். சாயங்காலம் மேடையில என் முன்னால நின்னவன் அப்படி ஒண்ணும் பெரிய கில்லாடி இல்ல. அவன் குத்து வர்றது எனக்குத் தெளிவாத் தெரிஞ்சுச்சு. கண்ணு பாத்துருச்சு, கைதான் போகல. கடைசி ரவுண்டுல காலு எங்க இருக்குன்னே தெரியல. நின்னுக்கிட்டே தோத்தேன்.

திரும்பி வர்ற பஸ்ஸுல, "நான்தாம்லே உன்னத் தோக்கடிச்சேன்"ன்னு சாத்தூர் வர்ற வரைக்கும் சொல்லிக்கிட்டே வந்த. அதுக்கப்புறமும் விட்டியா? எம்புட்டுச் சொன்னேன், ஒன் காதுல ஏறல. மஞ்சக்காமாலை வந்து ஆஸ்பத்திரியில எலும்பும் தோலுமாக் கெடந்தப்பவும், "மச்சான், இப்ப நான் அம்பத்தொண்ணுல எறங்கலாம்ல"ன்னு நக்கலடிச்சுட்டு, அடுத்த நிமிஷமே "அந்தச் சாக்கு மட்டும் இல்லேன்னா"ன்னு ஆரம்பிச்ச. நாலு நாள்ல போயிட்ட. அந்த நெனப்போடயே போயிட்டியே, அதுதான்லே எனக்குத் தாங்கல.

நான் தோத்தது சாக்கால இல்ல. உன் மிஷின் சரியாக் காட்டியிருந்தா என்ன நடந்திருக்கும்? அந்தக் கிலோவ ரெண்டு நாள் முன்னாடியே பட்டினி கெடந்து எறக்கியிருப்பேன். அப்பவும் இதே காலுதான், இதே கைதான். நாம மிஷின ஏமாத்தல மாப்ளே, என் ஒடம்பத்தான் ஏமாத்திக்கிட்டு இருந்தோம்.

இத வாயால சொன்னா நம்பமாட்டன்னுதான் மூணு மாசமாச் செஞ்சு பாக்குறேன். வயிறாரத் தின்னுட்டு அம்பத்தேழு கிலோ ஆளுகளோட பழகுறேன். ஒண்ணும் லேசு இல்ல, உங்கிட்ட மறைக்க என்ன இருக்கு? இங்கன நான் பனைமரம் இல்ல, எல்லாவனும் என் ஒசரந்தான். அம்பத்தொண்ணுல ஒருத்தன் மூக்குல வச்சா பின்னால போவான். இங்க அதே குத்த வாங்கிக்கிட்டு முன்னால வர்றான். ராஜபாளையத்துல மில்லுல லோடு ஏத்துற ஒருத்தன் இருக்கான், கழுத்தே கெடையாது. மொத நாளு அவன் என் விலாவுல வச்ச குத்துல ரெண்டு நாளைக்கு இருமக்கூட முடியல. ஞாயித்துக்கிழமை அவன்தான் எனக்கு எதிரா நிக்கப் போறான். எடைக்கு ஒருத்தருக்குத்தான் டீம்ல எடம்.

ஆனா ஒண்ணு கேளு. போன வாரம் அவனோடயே கடைசி ரவுண்டு வரைக்கும் நின்னேன். கயித்து ஓரமா என்ன வச்சு அமுக்குனான். நான் நழுவி வெளிய வந்து குத்துனேன். கண்ணு பாத்த எடத்துக்குக் கை போச்சு மாப்ளே! அவன் மூச்சு வாங்குறது எனக்குக் கேட்டுச்சு. எனக்குக் காலு இருந்துச்சு. மறுநாள் பிரஸ் கழிவறைக்குள்ள போய்க் கதவச் சாத்திக்கிட்டு உன்ன நெனச்சு அழுதேன், சந்தோசத்துலதான்.

மாஸ்டருக்கு இன்னும் மனசில்ல. "அம்பத்திநாலுல எறங்குடா, அங்க உனக்கு ஈடா ஆளே இல்ல. இந்த வருசமும் டீம்ல வரலேன்னா உன் வயசுக்கு அப்புறம் யாரும் கூப்பிட மாட்டான்"னாரு. அவரு சொல்றதும் நெசந்தான். இதுல விட்டா எனக்கு வேற வாய்ப்பு இல்ல. இருந்தாலும் சொல்லிட்டேன்: "சார், இனிமே பட்டினி கெடந்து ஜெயிக்கிறதா இல்ல. என் எடையில நின்னு அவன அடிக்க முடியலேன்னா, அடிக்க முடியலேன்னு தெரிஞ்சுக்கிறேன்." அவரு மறுநாள் வந்து விலாவக் காக்குறதுக்கு முழங்கைய எப்படி எறக்கணும்னு காட்டிக் குடுத்தாரு.

நேத்து சாயங்காலம் உங்க கடைக்குப் போனேன். சீசன் நேரம், காசிமும் உன்ன மாதிரியே சாக்கு எடையக் கழிச்சுத்தான் மிஷின வச்சிருக்கான். என்னப் பாத்ததும் பதறிப்போய், "இருங்கண்ணே, திருகச் சரி பண்ணிட்டு வாரேன்"ன்னு ஓடி வந்தான். வேணாம்டான்னுட்டேன். ஓரமாக் கெடந்த வெறுஞ்சாக்கு ஒண்ண எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டு மிஷின்ல ஏறி நின்னேன். அது கழிக்கிற சாக்கு எந்தோள்ல இருக்குல்ல, கணக்கு நேராயிருச்சு. அம்பத்தேழுக்குள்ள சுத்தமா நின்னுச்சு. எறங்குனதும் உங்க வீட்டுல இருந்து அம்மா குடுத்துவிட்ட இடியாப்பம் வந்துச்சு. உக்காந்து தின்னேன்.

ஞாயித்துக்கிழமை காலையில ஒரு சொம்புத் தண்ணி குடிச்சிட்டுத்தான் மிஷின்ல ஏறுவேன். உன் துண்டு என் கார்னர்ல தொங்கும், காசிம் வந்து நிப்பான். அந்தக் கழுத்தில்லாதவன் என்ன அடிக்கட்டும், நானும் அடிப்பேன், கடைசி மணி அடிக்கிற வரைக்கும் என் காலுல நிப்பேன். ஜெயிச்சாலும் தோத்தாலும் நான் சாக்கு சொல்ல மாட்டேன்.

நீயும் இனிமே சொல்லாத மாப்ளே.

கூடப் பொறக்காட்டியும் உன் கூடவே நிக்கிற
மச்சான் முத்து