வகுப்புக்கு வந்த பலகை

கந்தர்வக்கோட்டை,
ஆகஸ்ட் 9.

அன்புத் தங்கை செங்கமலத்துக்கு,

உன் மகள் பிரகதீஸ்வரியின் நாலாம் வகுப்பு டீச்சர் செல்வராணி எழுதுவது. பிள்ளைக்குக் காய்ச்சல் தலைவலி ஒன்றுமில்லை. குவைத்தில் உன் உடம்புக்குச் சுகம்தானே? போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்றுதான், லீவு முடிந்து அங்கே திரும்பும் ஆண்டியப்பன் அண்ணனிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

வெள்ளிக்கிழமைகளில் நீ கூப்பிடும்போது பாப்பா பேசாமல் ஓடுகிறாள் என்று வருத்தப்பட்டாயாம். உன் கொழுந்தன் பிச்சைமுத்து அதைத் திமிர் என்கிறார். அவருக்கு எல்லாமே திமிர்தான். தப்பு என்னுடையது, தங்கச்சி.

உலக வரைபடத்தை மனப்பாடமாக நடத்தாதீர்கள், பிள்ளைகளே கேள்வி கேட்டுத் தேடட்டும் என்று பயிற்சியில் சொன்னார்கள். எனக்கும் பேர் வாங்க ஆசை. வெளிநாட்டிலிருந்து வீட்டுக்கு வந்த பொருள் ஒன்றைக் கொண்டு வாருங்கள். எந்த நாடு, எவ்வளவு தூரம், வந்து சேர எத்தனை மணி நேரம் என்று கண்டுபிடிப்போம் என்றேன். கணக்கும் இங்கிலீஷும் அதிலேயே வந்துவிடும் அல்லவா? பேரீச்சம்பழ டப்பா, தைலக் குப்பி, கம்பளி எல்லாம் வந்தன. உன் மகள் ஒரு பலகையை இழுத்துக்கொண்டு வந்தாள். கொழுந்தன் கோழிக்கூண்டுக்குக் கதவாக வைத்திருந்ததாம்.

அதில் அம்புக்குறி போட்டு நாலு இங்கிலீஷ் எழுத்து. பிள்ளைகள் கூட்டி வாசித்தார்கள், 'ஹெட்' என்று. நானே உற்சாகமாகத் தலை என்று அர்த்தமும் சொன்னேன்.

"அப்ப எங்கப்பாவுக்குத் தலை இங்கிட்டுதான் இருந்துச்சா டீச்சர்?" என்று கேட்டாள் உன் மகள்.

மூன்று வருடத்துக்கு முன் சவூதியில் தம்மாமிலிருந்து உன் வீட்டுக்காரர் உடல் வந்த பெட்டியின் பலகை அது. அவள் நிறுத்தவில்லை, தேடச் சொன்னதே நான்தானே. வரைபடத்தில் நூல் பிடித்துத் தம்மாமைக் கண்டாள். பிறகு நீ இருக்கும் குவைத் எங்கே என்றாள். இரண்டுக்கும் நடுவே அவளுடைய சுண்டுவிரல் வைக்கத்தான் இடமிருந்தது. அந்தப் பக்கம் போனவர்கள் பெட்டியில்தான் திரும்புவார்கள் என்று பிள்ளை தானே விடை எழுதிக்கொண்டுவிட்டது. அன்றோடு உன்னிடம் பேச்சை நிறுத்தினாள்.

பலகையை வீட்டுக்கு எடுத்துப்போக மாட்டேன் என்கிறாள். அலமாரிக்குப் பின்னால் மறைத்து வைத்தேன். வகுப்புக்குள் நுழைந்தாலே என் கண் அங்கேதான் போகிறது, பயமாக இருக்கிறது. நேற்று அதை வெளியே எடுத்து ஸ்கேலால் அளந்துகொண்டிருந்தாள். எதற்கு என்றேன். "எங்கம்மா எவ்வளவு ஒசரம் டீச்சர்?" என்றாள்.

உன் ஒப்பந்தம் முடிய இன்னும் பத்து மாதம் இருப்பது தெரியும். நீ வேலை பார்க்கும் வீட்டம்மாவிடம் கெஞ்சியாவது பதினைந்து நாள் லீவு கேள். பிள்ளைக்கு ஒன்றும் வாங்கி வர வேண்டாம். திருச்சி ஏர்போர்ட்டுக்கு நானே அவளை அழைத்து வருகிறேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். ஒரே ஒரு முறை, அவள் பார்த்துக்கொண்டிருக்க, அந்த வாசலைத் தாண்டி நடந்து வா.

உன் அக்கா,
செல்வராணி