இடம் தெரியாதவை

பாவா,

மாம்பலகை அடுக்கின் அடியில் காளான் பூத்திருக்கிறது. ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்ததில் தார்ப்பாய் எங்கேயோ கிழிந்து, அடிப்பலகை இரண்டும் தண்ணீர் குடித்துவிட்டன. ஆடிக் கிருத்திகைக்குப் பிறகு வேலைக்குச் சேர்ந்த எல்லம்மாதான் முதலில் பார்த்தாள்.

"மொதலாளி, இங்க வந்து பாருங்க. அப்பளம் சுட்டு அடுக்கி வெச்சாப்ல மொளச்சிகினு கீது. சொரண்டிப் போட்டுடட்டுங்களா?" கையில் கத்தியும் எடுத்துவிட்டாள்.

"தொடாதே!" என்று நான் போட்ட சத்தத்தில் பாவம், கத்தியைக் கீழே போட்டுவிட்டாள். எனக்கே திக்கென்றது. ஊரில் வேறெந்த மரக்கடைக்காரனாக இருந்தாலும் தார்ப்பாயைக் கட்டினவன் எவன் என்று கேட்டுத்தான் கத்தியிருப்பான். நான் நேற்றைய பேப்பரைக் கொண்டுவரச் சொன்னேன். மண்டி போட்டு உட்கார்ந்து மோந்து பார்த்தேன். ஈர மரத்தின் அந்தப் புளித்த வாசனை. பலகை போயிற்றே என்ற எண்ணம் அதற்கப்புறம்தான் வந்தது. எல்லாம் நீங்கள் செய்துவைத்த வேலை. மரம் விற்றுப் பிழைக்கிறவனை இப்படிக் கெடுத்துவைத்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

மண்டி போடுவதும் உங்களிடமிருந்து ஒட்டிக்கொண்டதுதான். அக்காவைக் கட்டிக்கொண்டு முதன்முதலாக மறுவீட்டுக்கு வந்த அன்றைக்கு, சாப்பாட்டு இலை போட்டுவிட்டு மாப்பிள்ளையைத் தேடினால் ஆளைக் காணோம். வீட்டுக்குப் பின்னால் கடை. அங்கே கழித்துப்போட்ட கட்டைகளுக்கு நடுவே பட்டு வேட்டியோடு மண்டி போட்டு, கண்ணருகே சின்ன லென்ஸை வைத்துக்கொண்டு இருந்தீர்கள். நைனா என் காதில் கேட்டார்: "டேய், மாப்ள கீழ இன்னாத்தடா தேடுறாரு? மோதிரம் கீதிரம் வுட்டுட்டாரா?" நீங்களோ நிமிர்ந்து, வாயெல்லாம் பல்லாக, "மாமா, உங்க கடையில நல்ல சரக்கு கீது" என்றீர்கள். நைனா தேக்கைச் சொல்கிறீர்கள் என்று நினைத்துப் பூரித்துப்போனார். நீங்கள் சொன்னது உளுத்த கட்டையை.

கல்லூரியில் தாவரவியல் வாத்தியார், மரத்தைத் தின்னும் காளான்களை வகை பிரிப்பதுதான் ஆராய்ச்சி என்றெல்லாம் பெண் கொடுக்கும்போதே சொன்னார்கள். அது இவ்வளவு தூரம் முற்றின கேஸ் என்று யாரும் சொல்லவில்லை.

அப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தீர்கள். எனக்கு நஷ்டமான இடத்தில் உங்களுக்குக் கொண்டாட்டம். "யோவ், உங்களைக் கடைக்குள்ள வுட்டதுக்கு கரையானை வுட்டிருக்கலாம்" என்பேன். "கரையான் வேற டிபார்ட்மெண்ட் மச்சான்" என்பீர்கள். என்னிடமும் ஒரு வகைப்பாடு இருந்தது: அப்படியே விற்கும், அறுத்தால் விற்கும், விறகுக்குப் போகும். உங்கள் வகைப்பாடு, அந்த விறகுக்குப் போகிற மூலையில் ஆரம்பிக்கும். வெளுத்து, பஞ்சாகி, நார் நாராக உரிந்தால் வெள்ளை மக்கல். செங்கல் துண்டு மாதிரி கட்டம் கட்டமாக வெடித்து, விரலால் நசுக்கினால் பொடியானால் பழுப்பு மக்கல். எப்போதும் தண்ணீரில் ஊறும் மரத்தின் மேல்தோல் மட்டும் மெத்தென்று ஆனால் மென்மக்கல். மரத்துக்குள் இரண்டு சரக்கு இருக்கிறது என்று நீங்கள் விளக்கினது இன்னும் நினைவிருக்கிறது. "கட்டடத்துல கம்பி ஒண்ணு, சிமெண்ட் ஒண்ணு. வெள்ளைக்காரன் சிமெண்டைக் கரைச்சித் தின்றான், கம்பியையும் வுடறதில்ல. பழுப்புக்காரன் கம்பியை மட்டும் உருவிக்கினு சிமெண்டை வுட்டுட்டுப் பூடறான். அதான் பொடியாவுது." வெள்ளைக்காரன் என்று நீங்கள் சொன்னதைக் கேட்டு, கடைக்கு வந்திருந்த மேஸ்திரி அரசியல் பேசுகிறீர்கள் என்று நினைத்து நகர்ந்துபோனார்.

உங்கள் பெரியப்பா வீட்டு வேப்பமரம் ஞாபகம் இருக்கிறதா? திருவாலங்காடு பக்கம் உங்கள் ஊரில் களத்து மேட்டில் நின்றதே, அதுதான். விலை பேச என்னைக் கூட்டிக்கொண்டு போனதே நீங்கள்தான். மேலே பச்சைப்பசேல் என்று கொழுந்து. நான் அடிமரத்தைச் சுற்றி வந்து முழம் போட்டுக்கொண்டிருந்தேன். நீங்கள் வேரருகே குனிந்து, மெருகு போட்டாற்போல் மினுக்கிய ஒரு தட்டுக் காளானைத் தடவிக் கொடுத்தீர்கள். "கானோடெர்மா. இதுக்கு உள்ள போயி ரொம்ப நாள் ஆச்சி மச்சான்." நான் கோடரிக் கட்டையால் தட்டினேன். உள்ளே கோயில் மேளம். வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியப்பாவுக்கு மூக்குக்கு மேல் கோபம். "நீங்க ரெண்டு பேரும் மரம் வாங்க வந்தீங்களா, வைத்தியம் பாக்க வந்தீங்களா?" என்று கேட்டுவிட்டு, மோர்கூடக் கொடுக்காமல் அனுப்பினார். வருகிற வழியெல்லாம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து சிரித்தீர்கள். அந்தக் காளானை மட்டும் பேப்பரில் சுற்றி மடியில் வைத்திருந்தீர்கள். "பிளாஸ்டிக் பையில போட்டா வேர்த்துப் பூடும், பேப்பர்தான்" என்பது உங்கள் சட்டம்.

அப்புறம் ஒரு ஞாயிறு முகம் வாடி வந்தீர்கள். காளானின் வடிவத்தைப் பார்த்து, அடியில் பல்லா துளையா என்று பார்த்து, வித்துத்தூளின் நிறம் பார்த்துச் சேர்த்துவைத்த குடும்பங்களையெல்லாம், மரபணுவைப் படித்துப் பார்த்துக் கலைத்துவிட்டார்கள் என்றீர்கள். "அலமாரி மாதிரி மரத்துல ஒட்டிக்கினு, அடியில துளை இருந்தா எல்லாம் ஒரே குடும்பம்னு வெச்சிருந்தோம். அண்ணன் தம்பின்னு பக்கத்துல பக்கத்துல படுக்க வெச்சிருந்தேன் மச்சான். பாத்தா, சிலதுக்கு ஒண்ணுக்கொண்ணு சம்பந்தமே கெடையாது." பழுப்பு மக்கல் செய்கிறவர்கள்கூட ஒரே வம்சம் இல்லையாம். வெவ்வேறு வீட்டில் பிறந்து, தனித்தனியே அந்த ஒரே தொழிலுக்கு வந்து சேர்ந்தவர்களாம். "சாடை வேற, சொந்தம் வேற" என்று அன்று பலமுறை சொன்னீர்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. கல்யாண வீட்டில் பெரியவர்கள் பேசுகிற பேச்சை நீங்கள் காளானுக்குப் பேசிக்கொண்டிருந்தீர்கள்.

உங்கள் அறையில் அலமாரி முழுக்க அட்டைப்பெட்டிகள். ஒவ்வொன்றிலும் குடும்பப் பெயர், உள்ளே பாச்சை உருண்டை. கடைசிப் பெட்டியில் மட்டும் "இடம் தெரியாதவை" என்று எழுதியிருந்தது. எதிலும் சேராததையெல்லாம் எதற்குக் காப்பாற்றுகிறீர்கள், தூக்கிப் போடுங்கள் என்றேன். உங்களுக்கு வந்ததே கோபம்! "இடம் தெரியலன்னா தப்பு எங்க மேல. அது மேல இல்ல" என்றீர்கள். தெரியாததைத் தெரிந்த மாதிரி ஏதாவது ஒரு பெட்டியில் திணிப்பதுதான் பாவம் என்றும், இப்படித் தனியாக வைப்பது உலகம் பூராவும் உள்ள முறை என்றும் சொன்னீர்கள்.

அதற்குப் பிறகுதான் நீங்களும் அக்காவும் பிரிந்தது. யார் பக்கம் நியாயம் என்று இந்த மடலில் நான் பேசப்போவதில்லை. அவளுக்குப் பெங்களூரில் வேலையும் வாழ்க்கையும் இருந்தன. உங்களுக்கு இந்தத் திருத்தணி மலையும் மக்கின கட்டையும். கோர்ட்டில் எழுதி வாங்கிக்கொண்டு இருவரும் இறங்கி வந்தீர்கள். நைனா மூன்று நாள் கடையைத் திறக்கவில்லை. "இனிமே அந்த ஆளுக்கும் நமக்கும் ஒண்ணும் கெடையாது" என்று ஒருமுறை சொன்னார், அப்புறம் உங்கள் பெயரையே எடுக்கவில்லை.

அடுத்த ஞாயிறு நான் கல்லாவில் குனிந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நிழல் தட்டியது. கடைக்காரன் பழக்கத்தில் நிமிராமலே, "இன்னா வோணும்?" என்றேன். நிமிர்ந்தால் நீங்கள். கேட்டுக்கு வெளியே, செருப்பைக்கூடக் கழற்றாமல்.

"அதான் எனக்கும் தெரியல மச்சான். நான் இப்ப உனக்கு இன்னா வோணும்?"

நம் பக்கத்தில் உறவைக் கேட்பதும் அந்த வார்த்தையில்தானே. அழுதுவிடுவேனோ என்று பயந்து கோபப்பட்டேன். "கேட்டு இன்னா பூட்டியா கீது? உள்ள வாங்க" என்று கத்தினேன். வந்தீர்கள். இனி பாவா என்று கூப்பிடாதே, உன் அக்காவுக்கு மனசு கஷ்டப்படும் என்றீர்கள். சரியென்று ஒரு மணி நேரம் 'சார்' போட்டுப் பார்த்தேன். "சார், அந்தக் கட்டையைப் பாத்தீங்களா சார்" என்றதும் உங்களுக்கே தாங்கவில்லை, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தீர்கள். பழையபடி பாவாதான். அக்கா பிறகு வேறு கல்யாணம் செய்துகொண்டாள். அவர் நல்ல மனிதர். அவரைத்தான் சார் என்கிறேன். அவர் மரத்தைப் பற்றி ஒன்றும் கேட்கமாட்டார்.

போன தை மாதம் நீங்கள் குடியிருந்த வீட்டின் சொந்தக்காரர் போன் பண்ணினார். மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டீர்களாம். நான் அரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்வதற்குள் உங்களை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள். கண்ணாடிக் கதவுக்கு முன்னால் நின்ற நர்ஸ் கேட்டது: "நீங்க அவருக்கு என்ன வேணும்?" நல்ல பிள்ளைதான், வேலையைச் செய்தது. மச்சான் என்றேன். "அவங்க மிஸஸ் வரலையா?" என்றது. இல்லை, அது வந்து, என்று இழுத்தேன். "சொந்தக்காரங்க யாராவது வரட்டும்" என்று கதவைச் சாத்திக்கொண்டது. பெரியப்பா ஊரிலிருந்து வந்து சேர்ந்தார். அவரை உள்ளே விட்டார்கள். அதற்குள் நீங்கள் போய்விட்டிருந்தீர்கள். அந்தக் கதவுக்கு வெளியே நின்றதை இன்றுவரை என்னால் ஜீரணிக்க முடியவில்லை, பாவா.

மறுநாள் காலை அக்கா போன் செய்தாள். "போறியா?" என்றாள். போகிறேன் என்றேன். "கோடி வேட்டி வாங்கிக்கினு போ" என்றாள். உன் பேரிலா என்று கேட்டேன். "என் பேர்ல வேணாம். உனக்கு அவர் யாரோ, அந்தப் பேர்ல போடு" என்று சொல்லி வைத்துவிட்டாள்.

உங்கள் ஊர்ப் பந்தலில் பெரியப்பாதான் முறை சொல்லிக் கூப்பிட்டார். பங்காளிகள் முடிந்து, மாமன் மச்சான் முறைக்காரர்கள் கோடி போட வாருங்கள் என்றார். வேட்டியைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அடி வைத்தேன். "யாரு அது? வெட்டிக்கினு போனவங்க தம்பியா?" என்று பின்னால் ஒரு குரல். நின்றுவிட்டேன். வரிசை என்னைத் தாண்டிப் போனது. ஒவ்வொருவரும் தன் இடம் தெரிந்து போய், போட்டுவிட்டு வந்தார்கள். கடைசியில் பெரியப்பா, "இன்னும் யாராச்சும் கீறீங்களா?" என்று கேட்டார். நான் மட்டும்தான் இருந்தேன்.

அவருக்கு இப்போது பார்வை மங்கல். கிட்டே வந்து முகத்தை உற்றுப் பார்த்தார். "நீ இன்னா மொறைப்பா?" என்றார். நான் வாய் திறப்பதற்குள் அவருக்கே பிடிபட்டுவிட்டது. "அட, வேப்பமரத்துக்காரன்! மரம் வாங்க வந்துட்டு வைத்தியம் பாத்துட்டுப் போனீங்களே ரெண்டு பேரு!" கூட்டத்தைத் திரும்பிப் பார்த்து, "இவனுக்கு மொறை ஒண்ணும் கேக்க வேணாம். வா, போடு" என்றார். போட்டேன். அந்த வேட்டிதான் எல்லாவற்றுக்கும் மேலே கிடந்தது.

பிறகு கல்லூரியிலிருந்து வந்து, பெயர் எழுதிய பெட்டிகளையெல்லாம் எடுத்துப்போனார்கள். கடைசிப் பெட்டியை வைத்துவிட்டுப் போய்விட்டார்கள். அவர்களைச் சொல்லியும் குற்றமில்லை, பெயரில்லாததை எந்த அலமாரியில் வைப்பார்கள்? நான் வண்டியில் வைத்துக் கட்டிக் கடைக்குக் கொண்டுவந்துவிட்டேன். கல்லாவுக்குப் பக்கத்தில், காலண்டருக்குக் கீழே இருக்கிறது. பாச்சை உருண்டை கரைந்தால் மாற்றுகிறேன்.

இன்று மாம்பலகையில் பூத்ததையும் காயவைத்து, நீங்கள் எழுதுகிற மாதிரியே ஒரு துண்டுச் சீட்டு எழுதினேன். இடம்: திருத்தணி, மரக்கடை. மரம்: மா, அறுத்த பலகை. அடியில் துளை. மக்கல்: வெள்ளை. அதுவரைக்கும் எனக்கே தெரிகிறது. பெயருக்கு நேரே ஒன்றும் எழுதாமல் பெட்டியில் வைத்தேன்.

எல்லம்மா துடைப்பத்தை வைத்துவிட்டு வந்து எட்டிப் பார்த்தாள். "இத்தினியும் யாருங்க சேத்து வெச்சது?"

"பாவா."

"ஆங். அக்கா வூட்டுக்காரரா?"

"இல்ல."

"அப்ப அவரு உங்களுக்கு இன்னா வோணுங்க?"

நர்ஸ் கேட்டபோது வராத பதில் இப்போது தானாக வந்தது, பாவா.

"அவருதான் வோணும்" என்றேன்.

அவளுக்கு என்ன புரிந்ததோ தெரியவில்லை. அப்புறம் கிழிந்த தார்ப்பாயைத் தைக்க ஊசி நூல் கேட்டாள், எடுத்துக் கொடுத்தேன்.