அத்தைக்கு வாசித்துக் காட்டிய தத்துவம்

மார்ச் 4
அத்தைக்கு விழித்திரை அறுவை முடிந்தது. இரண்டு வாரம் குப்புறப் படுக்க வேண்டும், புத்தகத்தைத் தொடவே கூடாது. மே மாதம் அவருக்கு எம்.ஏ. தத்துவத் தேர்வு! ஓய்வு பெற்ற பிறகு ஆசைப்பட்டுச் சேர்ந்த மாலை வகுப்பு. "இந்த வயசுல எதுக்கும்மா இந்தத் தலைவலி?" என்கிறார் என் கணவர். "தலை இருக்கே," என்றார் அத்தை. வாசித்துக் காட்டும் வேலை என்னிடம் வந்து சேர்ந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்ப்பவளுக்குப் பின்நவீனத்துவம்.

மார்ச் 5
ஒரே பத்தி, மூன்று முறை. எனக்கு அழுகை வந்தது. அத்தை தலையணைக்குள் சிரிக்கிறார்.

மார்ச் 9
அத்தை வழி கண்டுபிடித்துவிட்டார். பெரிய புத்தகத்தை மூடிவிட்டுச் சின்ன அறிமுக நூலை எடுக்கச் சொன்னார். "பெரிய புத்தகத்தை எழுதின ஆளு யார்கூடவோ சண்டை போடறார். யார்கூடன்னு முதல்ல பாரு." பார்த்தோம். எல்லாருக்கும் ஒரே உண்மை, ஒரே வரலாறு என்று அடித்துப் பேசியவர்களோடு. அது தெரிந்ததும் அதே பத்தி கொஞ்சம் வாய் திறந்தது.

மார்ச் 14
இன்று நான் ஒன்று சொன்னேன். கண்ணாடித் தகட்டில் ரத்தத்தைத் தடவி அப்படியே பார்த்தால் வெள்ளணுக்கள் சரியாகத் தெரியாது. எந்தச் சாயம் போடுகிறோமோ அதற்கேற்ற காட்சிதான். அத்தை எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அதேதான்டி!" மருத்துவர் பார்த்திருந்தால் அவ்வளவுதான்.

உடனே எனக்குக் கோபம் வந்தது. "ஆனா நோய் நிஜம் அத்தை. நான் என்ன சாயம் போட்டாலும் அந்தப் பொண்ணுக்கு வந்தது வந்ததுதான்." காலையில்தான் அவளுக்கு ரத்தப் புற்று என்று உறுதியானது. இருபது வயதுகூட இருக்காது. ஏன் எனக்கு இப்படி...

அத்தை மறுபடி குப்புறப் படுத்துக்கொண்டார். பிறகு, "விடாத. இதை அந்தப் புத்தகத்துகிட்டயே கேளு. தலையாட்டவா படிக்கறோம்?"

எப்பேர்ப்பட்ட மனுஷி!

ஜூன் 18
பின்நவீனத்துவத் தாளில் அத்தைக்குத் தோல்வி. "நம்ம கேள்வியையே பக்கம் பக்கமா எழுதிட்டேன். அவங்க கேட்டதுக்கு நேரமில்ல," என்று சிரித்தார். ஆனால் முகம் கழுவப் போனவர் வெளியே வர வெகுநேரம் ஆனது. யாரும் கதவைத் தட்டவில்லை.

ஜூலை 3
அத்தை மறுபடி மாலை வகுப்பில் படிக்க விண்ணப்பம் அனுப்பியாயிற்று. எனக்கும்.

ஆகஸ்ட் 2
முதல் வகுப்பு. பேராசிரியர் என்னைப் பார்த்துவிட்டு அத்தையிடம், "இவங்க யாரு, மகளா மருமகளா? துணைக்கு வந்திருக்காங்களா?" என்றார்.

"என்கூடப் படிக்கறவ," என்றார் அத்தை, பெஞ்சில் நகர்ந்து இடம் விட்டபடி.