துணியைப் பிழியாதீக

வீங்கிய இடக்கண் திறக்கவில்லை. ஷாஜியா ஒற்றைக் கண்ணால் கணவன் பாசிலுக்குச் சீட்டு எழுதி, பிரிட்ஜ் கதவில் ஒட்டினாள்.

"மச்சான், பச்சத்தண்ணியில காப்பித்தூள் ஊறப்போட்ட இன்னொரு பாட்டில் கீழ்த்தட்டுல இருக்கு. நீங்களே வடிகட்டிக்கங்க. துணியைப் பிழியாதீக, தானாச் சொட்டட்டும். தேங்காப்பால் பிழியுற பழக்கத்துல நேத்து நான் பிழிஞ்சுட்டேன், வண்டல் இறங்கிக் கசந்துருச்சு. அதுக்குத்தானே பாட்டிலை என் நெத்தியில உடைச்சீக. அடுப்படியில இன்னும் கண்ணாடி கிடக்கு, செருப்போட நடங்க. சோறு ஆக்கி வச்சிருக்கேன். என் சாவி ஆணியில தொங்குது."

வாசல்வரை போனவள் திரும்பி வந்து, அடியில் நெருக்கி எழுதினாள்:

"வடிகட்டுற துணியைத் தேடாதீக. அதைத்தான் நெத்தியில கட்டியிருக்கேன். ரத்தத்தோட அப்படியே போலீஸ் ஸ்டேஷனுக்குக் கொண்டு போறேன். இந்தத் தடவை நான் பிழியல."